உறுதி பார்த்தோம், சுவர் பார்த்தோமா?

தென்மராட்சியில் ஒரு கிராமம். மாரி உச்சத்தில் நின்ற ஓர் இரவு, ஒரு கல்வீட்டின் வடக்குப்பக்க அறைச் சுவர் மூலையிலிருந்து பிளந்து வெளிப்பக்கமாகச் சாய்ந்தது. ஓடுகள் உள்ளே கொட்டுண்டன. அந்த அறையில் வழமையாகப் படுக்கும் பெண்பிள்ளைக்கு அன்று காய்ச்சல். தாய் அவளைத் தன்னோடு மண்டபத்தில் படுக்க வைத்திருந்தார். அந்தக் காய்ச்சலுக்காக இன்றும் நன்றிப் பூசை ஒப்புக்கொடுக்கிறார்கள்.

அவ்வீடு அவர்கள் கட்டியதல்ல. அதற்குப் பதினாலு மாதங்களுக்கு முன்னர் விலைக்கு வாங்கியது. வலிகாமம் வடக்கின் செம்மண்ணில் வெங்காயமும் புகையிலையும் செய்த குடும்பம். 1990 இல் எழும்பினார்கள். 1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி இரவு மீண்டும் எழும்பினார்கள். பிறகு வன்னி, 2009 இல் செட்டிகுளம் முகாம், அதன்பின் யாழ்ப்பாணத்தில் உறவினர் வளவொன்றின் மூலையில் தகரக் கொட்டில். இருந்து எழும்பிய இடங்களை ஒருநாள் விரல்விட்டு எண்ணிப் பார்த்தபோது பதினொன்று வந்தது. 2009 இற்குப் பின் வலிகாமம் வடக்கு பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டபோதும் இவர்களது காணி அதற்குள் வரவில்லை. இனிக் காத்திருந்து பயனில்லை என்று முடிவுசெய்து, வெளிநாட்டிலிருக்கும் மகன் அனுப்பியது, தாயின் நகை, இரண்டு பசுமாடு விற்ற காசு எல்லாவற்றையும் ஒன்றாக்கி நாலு பரப்புக் காணியும் கிணறும் பழைய கல்வீடுமாக வாங்கினார்கள்.

வாங்குமுன் எம்மிடம் ஆலோசனை கேட்டு வந்தார்கள். எமக்குத் தெரிந்ததைச் சொன்னோம். நல்ல நொத்தாரிசு ஒருவரிடம் அனுப்பினோம். காணிப் பதிவகத்தில் முப்பது வருடத்துக்குத் தேடுதல் செய்வித்தோம். விற்பவர் கனடாவில் இருந்தபடியால் அற்றோணித் தத்துவம் சரியாகப் பதியப்பட்டதா என்று பார்க்கச் சொன்னோம். தேசவழமைப்படி பங்காளிகளுக்கு முன்னுரிமை உண்டென்பதால் அவர்களுக்கு அறிவித்தல் போனதா என்றும் கேட்டோம். எல்லாம் நேராக இருந்தது. குடிபுகுந்த அன்று வீட்டை ஆசீர்வதித்ததும் நாமே. பிறகு விழுந்த அந்தச் சுவரிலும் தீர்த்தம் தெளித்தோம். ஆனால் அந்தச் சுவரை நாம் பார்க்கவில்லை.

விழுந்த மறுநாள் பக்கத்து வளவு முதியவர் வேலிக்கரையில் நின்றபடி சொன்னார்: "உதிலை பங்கர் கிடந்தது ஊருக்கே தெரியும், சுவாமி. தூர்த்துப்போட்டு மேலாலை அறை இறக்கினவை. என்னட்டை ஒருத்தரும் கேக்கேல்லையே."

தோண்டிப் பார்த்தபோது அவர் சொன்னது அப்படியே இருந்தது. பதுங்கு குழிக்கு மேலே அடுக்கிய தென்னங்குற்றிகள் உக்கித் தும்பாகிக் கிடந்தன. அதன்மேல் போட்ட மண் குற்றிகளோடு சேர்ந்து உள்வாங்கியிருந்தது. 2002 போர்நிறுத்த உடன்படிக்கைக்குப் பின்னர் வீட்டுக்காரர் வந்து, 2000 ஆம் ஆண்டுச் சண்டையில் உடைந்த பக்கத்தைத் திருத்தி, அவசரம் அவசரமாக அந்த அறையைச் சேர்த்திருக்கிறார். அத்திவாரத்தின் பாதி உறுதியான நிலத்திலும் மற்றப் பாதி குழியின் மேலும் இருந்தது. சில மாரிகள் தாக்குப்பிடித்ததே பெரிய காரியம்.

அந்த முதியவரிடம் யாராவது ஒரு தேநீர் குடித்துப் பேசியிருந்தால் இது தெரிந்திருக்கும். ஒரு மேசன் அரை நாள் வந்து நின்றிருந்தாலும் தெரிந்திருக்கும். ஏனென்றால் அந்த மூலையில் பூச்சு மட்டும் புதிதாக இருந்தது என்று தாய் இப்போது நினைவுபடுத்துகிறார். வெடிப்பை மூடுவதற்குத்தான் அது பூசப்பட்டது.

எமது மக்கள் காணி வாங்கும்போது உறுதியைத் துருவித் துருவிப் பார்ப்பார்கள். 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்திலிருந்து, நொத்தாரிசும் இரண்டு சாட்சியும் இன்றிக் காணி கைமாறாது. ஆகவே கடதாசியைச் சந்தேகிக்க எமது பாட்டன்மார் எமக்குப் பழக்கியிருக்கிறார்கள். கட்டடத்தைச் சந்தேகிக்க யாரும் பழக்கவில்லை. காரணம் விளங்கிக்கொள்ளக்கூடியதே. அந்தக் காலத்தில் வீடு விலைக்கு வாங்குவது அருமை. வீடு சீதனமாக வரும், அல்லது நாமே கட்டுவோம். கட்டியவன் யார், கல் எங்கே இருந்து வந்தது, எந்த வருடம் ஓடு மாற்றியது என்பதெல்லாம் குடும்பத்துக்குள் தெரிந்திருக்கும். யுத்தமும் இடப்பெயர்வும் அந்த நினைவுச் சங்கிலியை அறுத்துவிட்டன. இன்று ஊர் தெரியாத ஒருவர் ஊரில் இல்லாத ஒருவரிடமிருந்து, தரகர் ஒருவர் திறப்பைக் கொண்டுவந்து திறந்து காட்டும் வீட்டை வாங்குகிறார். அந்த வீடு முப்பது வருடங்களில் என்னென்ன பட்டது என்பதை உறுதியில் எந்த வரியும் சொல்லாது.

மணலில் வீடு கட்டியவனின் உவமையைப் பலமுறை பிரசங்கித்திருக்கிறோம். அதில் கட்டுபவனைப் பற்றி மட்டுமே சொல்லப்பட்டிருக்கிறது. வேறொருவன் எதில் கட்டினான் என்று தெரியாமல் வாங்குபவனைப் பற்றி நாமும் இதுவரை யோசிக்கவில்லை.

"சேவயர் வந்து பார்த்தவர்தானே" என்று சிலர் சொல்வார்கள். நில அளவையாளர் பார்ப்பது எல்லைக்கல்லையும் காணியின் அளவையும். வரைபடத்தில் வீட்டை ஒரு பெட்டியாகக் கீறி, கல்வீடு என்று எழுதுவார். அந்தப் பெட்டிக்குள் கறையான் இருக்கிறதா என்பது அவருடைய வேலையல்ல. "வங்கியால் ஆள் வந்து பார்த்தது" என்பார்கள் இன்னும் சிலர். வங்கியின் மதிப்பீட்டாளர் பார்ப்பது, நீங்கள் கடன் கட்டாவிட்டால் வங்கி தன் காசை எடுக்கலாமா என்பதை. காணியின் விலையே கடனுக்குப் போதும் என்றால் சுவர் நின்றாலென்ன விழுந்தாலென்ன, அவருக்கு ஒன்றுதான். உங்களுக்காக, உங்கள் பிள்ளைகள் அந்தக் கூரைக்குக் கீழே படுக்கலாமா என்று பார்ப்பதற்கு, இவர்களில் ஒருவரும் வரவில்லை.

இதைவிடப் பெரிய தடையொன்று மனத்துக்குள் இருக்கிறது. முப்பது வருடம் பிறர் தாழ்வாரத்தில் இருந்தவனுக்குச் சொந்தக் கதவு ஒன்று தெரிந்தவுடன் வேறொன்றும் தெரியாது. எமது பகுதியில் பலரோடு வீடு பார்க்கப் போயிருக்கிறோம். ஆண்கள் வளவில் நிற்கும் பனைகளை எண்ணுவார்கள். கிணற்றில் ஒரு வாளி அள்ளி வாயில் விட்டுப் பார்ப்பார்கள். பெண்கள் குசினியில் நின்று அடுப்பை எங்கே வைப்பதென்று யோசிப்பார்கள். அதற்குள் வீடு அவர்களுடையதாகிவிடும். பிறகு யார் குறை சொன்னாலும் காதில் ஏறாது. இதோடு மகளின் கலியாணத் திகதியும் நெருங்கிவிட்டால் சொல்லவே வேண்டாம். (சீதனத்தைப் பற்றி நாம் எழுதத் தொடங்கினால் இந்த இதழ் காணாது.) தரகரும் "நாளைக்கு வேறொரு பகுதி காசோடு வருகுது" என்று சொல்வார். எமது அனுபவத்தில் அந்த வேறொரு பகுதி வந்ததை நாம் கண்டதில்லை.

வெட்கமும் ஒரு காரணம். விற்பவர் தூரத்து உறவு, அல்லது ஒரே பங்கு. ஆளைக் கூட்டிக்கொண்டுபோய்ச் சுவரில் தட்டிப் பார்த்தால் அவரைக் கள்ளன் என்று சொன்னதுபோல் ஆகிவிடுமோ என்ற கூச்சம். மாடு வாங்கும்போது நாம் கூசுவதில்லையே. வாயைத் திறந்து பல்லைப் பார்க்கிறோம், நடக்கவிட்டுப் பார்க்கிறோம், சுழியும் பார்க்கிறோம். மாட்டுக்காரர் ஒருபோதும் கோபித்ததில்லை.

இனி, பழைய வீடு என்றாலே ஆபத்து என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். எமது கருத்து அதற்கு நேரெதிரானது. சுண்ணக்கல்லை அடுக்கிச் சுண்ணாம்புச் சாந்தால் கட்டிய ஒன்றரை அடித் தடிப்புச் சுவர், தலையில் மழை விழாமல் காத்தால், எமது பேரப்பிள்ளைகளையும் கண்டுவிடும். பயப்பட வேண்டியது அந்தப் பழைய சுவருக்கல்ல. அதில் பின்னர் ஒட்டப்பட்ட இளைய சுவருக்கு. 1990 களில் வடக்குக்குப் பொருளாதாரத் தடை இருந்தது. சீமெந்து தங்கத்தின் விலை. அந்தக் காலத்தில் சேர்த்த அறைகளிலும், செல் விழுந்து உடைந்தபின் ஒட்டிய பகுதிகளிலும், சீமெந்து பேருக்குத்தான் இருக்கும். உடைந்த வீடுகளிலிருந்து கழற்றிய கம்பியை நிமிர்த்திப் போட்டிருப்பார்கள். கடற்கரை மணலை அலசாமல் குழைத்திருப்பார்கள். குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. நாமும் அந்த நாட்களில் ஒரு பங்கில் சிற்றாலயச் சுவரை அப்படித்தான் கட்டுவித்தோம். ஆனால் இன்று அதற்கு முழு விலை கொடுப்பவர் தெரிந்து கொடுக்க வேண்டும்.

பழைய சுவர் புதிய சுவரோடு சேரும் மூட்டை முதலில் பாருங்கள். இரண்டும் கல்லோடு கல் பின்னிக் கட்டப்பட்டிருந்தால் நல்லது. வெறுமனே அணைத்துக் கட்டியிருந்தால் மேலிருந்து கீழாக நேர்கோடாக ஒரு வெடிப்பு நிற்கும், அல்லது அந்த இடத்தில் மட்டும் பூச்சு புதிதாக இருக்கும். சுண்ணாம்புச் சுவருக்கு மேலே சீமெந்துப் பூச்சுப் பூசிய வீடுகளையும் கவனியுங்கள். சுண்ணாம்புச் சுவர் குடித்த ஈரத்தை வெளியே விட்டு உலரும் இயல்புடையது. சீமெந்து அந்த வழியை அடைத்துவிடும். ஈரம் உள்ளே நின்று, சாந்தை இளக்கி, கடைசியில் பூச்சையும் தள்ளிக்கொண்டு வரும். விரல் மடக்கித் தட்டினால் பொள்ளல் சத்தம் கேட்கும். விற்பதற்கென்று பெயின்ற் அடித்து மணம் மாறாத வீடென்றால், ஒரு நாள் கூடுதலாக நின்று தட்டுங்கள்.

கூரைக்கு ஏணி வேண்டும். கீழே நின்று அண்ணாந்து பார்ப்பது பார்வையல்ல. முதலில் தெருவில் நின்று முகட்டைப் பாருங்கள். முகடு நேராக இருக்கிறதா, நடுவில் தொய்ந்திருக்கிறதா என்று தெரியும். பிறகு தச்சுவேலை தெரிந்தவர் மேலே ஏறட்டும். வைரம் பாய்ந்த முதிர்ந்த பனை, ஈரமும் கறையானும் அணுகாவிட்டால், தலைமுறைகளுக்கு நிற்கும். இளம்பனையாக இருந்தால் அதன் சோற்றுப்பகுதியை உளு தின்று வெளித்தோடு மட்டும் மிஞ்சியிருக்கும். பார்வைக்கு மரம், உள்ளே மா. கத்தி நுனியால் குத்திப் பார்த்தால்தான் தெரியும். குத்த வேண்டிய இடம் நடுமரமல்ல. சுவருக்குள் புதைந்த நுனி. கறையான் சுவர் வழியாக ஏறி அங்கேதான் முதற் கடி கடிக்கும். ஒரு தீராந்தியின் நுனி போயிருந்தால் அதை மாற்றலாம். எல்லா நுனிகளும் போயிருந்தால் நீங்கள் வாங்குவது கூரையில்லாத வீடு. விலையும் அதற்கேற்றபடி இருக்க வேண்டும்.

யுத்த காலத்தில் கூரை கழற்றப்பட்டு, நாலைந்து வருடம் சுவர் வெறுமையாக நின்ற வீடுகள் வன்னியிலும் தென்மராட்சியிலும் ஏராளம். ஓடும் மரமும் இப்போது புதிதாக மின்னும். ஆனால் கூரையில்லாத காலத்தில் சுவரின் தலையால் இறங்கிய மழை சாந்தைக் கரைத்துக்கொண்டு போயிருக்கும். எந்த வருடம் கூரை போனது, எந்த வருடம் வந்தது என்று அயலில் கேளுங்கள். ஆலும் அரசும் முளைத்து வெட்டப்பட்ட அடையாளம் சுவரில் இருந்தால், வேர் எவ்வளவு தூரம் போயிருக்கிறதென்று பார்க்காமல் விடாதீர்கள். வெட்டிய கட்டை அடுத்த மாரிக்குத் துளிர்க்கும்.

கொங்கிறீற்று உள்ள வீடுகளில், யன்னல் மேல் லின்ரலின் அடிப்பக்கத்தையும் விறாந்தைத் தூண்களையும் பாருங்கள். கம்பியின் நீளத்துக்கு ஒரு வெடிப்பு ஓடி, துருக்கறை வடிந்திருந்தால், உள்ளே கம்பி துருப்பிடித்து வீங்குகிறது என்று பொருள். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். அந்த வீக்கமே கொங்கிறீற்றை வெடிக்க வைக்கிறது. உப்பு மணலும் உவர் நீரும் குழைத்த இடங்களில் இது விரைவாக வரும். மேலே பூசி மறைப்பது, புண்ணைக் கழுவாமல் கட்டுப் போடுவது போன்றது.

வெடிப்புகள் எல்லாம் ஒரே வகையல்ல. பூச்சில் வலைபோல் மெல்லியதாக ஓடுபவை பெரும்பாலும் பூச்சோடு நிற்பவை. யன்னல் மூலையிலிருந்து சாய்வாகப் படியேறும் வெடிப்பு, மேலே அகன்று கீழே ஒடுங்கும் வெடிப்பு, சுவரின் இரு பக்கமும் தெரியும் வெடிப்பு ஆகியவை நிலம் அசைவதைக் காட்டுபவை. அசைவு நின்றுவிட்டதா, இன்னும் போகிறதா என்பதே கேள்வி. இதற்கு எமது பழைய மேசன்மார் ஒரு வழி வைத்திருந்தார்கள். வெடிப்புக்குக் குறுக்கே ஒரு சிறு கண்ணாடித் துண்டைச் சாந்து வைத்து ஒட்டி, திகதியும் எழுதிவிடுவார்கள். சில மாதத்தில் கண்ணாடி உடைந்தால் சுவர் நடக்கிறது. இதற்குப் பொறுமை வேண்டும். பொறுக்க முடியாத விற்பனையாளர் என்றால் அதுவும் ஒரு செய்திதான்.

எந்தக் காலத்தில் பார்ப்பது என்பதும் முக்கியம். யாழ்ப்பாணத்திலும் மணற்பாங்கான இடங்களிலும் ஐப்பசி, கார்த்திகை மழைக்குள் போய்ப் பாருங்கள். ஒழுக்கும் ஓதமும் தேங்கும் நீரும் தாமாகவே வந்து நிற்கும். தரகர்மார் வீடு காட்ட விரும்பும் காலம் பங்குனி, சித்திரை. ஆனால் முருங்கன், துணுக்காய்ப் பக்கங்களிலுள்ள கறுத்தக் களிமண்ணில் கதை வேறு. அந்த மண் மாரியில் ஊறிப் பருத்து, கோடையில் கை நுழையும் அளவுக்குப் பிளக்கும். நெல்லுக்கு நல்ல மண். வீட்டுக்குப் பொல்லாத மண். மாரியில் வெடிப்பு மூடிக்கொண்டு, வீடு நல்ல பிள்ளைபோல் நிற்கும். அங்கே கோடையில் போய்த்தான் பார்க்க வேண்டும். செம்மண்ணில் வளர்ந்த எமது வலிகாமத்துக் குடும்பங்கள் அந்தப் பக்கம் வயலோடு வீடு வாங்கும்போது இதை அறியாமல் ஏமாந்திருக்கிறார்கள்.

நிலத்தைப் பற்றிய பாதி விடயம் அயலவரின் வாயில் இருக்கிறது. பதுங்கு குழி எங்கே இருந்தது? பழைய மலக்குழி எங்கே? தூர்த்த கிணறு உண்டா? 2008 நிஷா புயலில் வெள்ளம் எந்தப் படி வரைக்கும் வந்தது? கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கமென்றால் 2018 டிசெம்பர் வெள்ளத்தில் என்ன நடந்தது? 2020 இல் புரவிப் புயலில்? வளவில் யார் முகாம் போட்டிருந்தார்கள், கண்ணிவெடி அகற்றுபவர்கள் வந்து முடித்துப் போனார்களா? சந்தேகமான பொருளொன்று கண்ணில் பட்டால் தொடாமல் கிராம அலுவலருக்கு அறிவியுங்கள். கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் இடையில் எத்தனை அடி என்று அளந்து பாருங்கள். சுகாதாரப் பரிசோதகர்கள் சொல்லும் 50 அடிகூட, பிளவுகள் நிறைந்த எமது சுண்ணக்கல் நிலத்தில் நிம்மதி தரும் தூரமல்ல. கூரை அஸ்பெஸ்டஸ் சீற் என்றால், உடைந்தும் உதிர்ந்தும் இருக்கிறதா என்று பாருங்கள். அதன் தூசு நுரையீரலுக்குப் புற்றுநோய் தருவது. அதை அரிவதும் உடைப்பதும் பிள்ளைகளுக்குக் கிட்ட நடக்கக்கூடாது.

யார் பார்ப்பது? வசதியுள்ளவர்கள் பட்டயப் பொறியியலாளரை அழைக்கலாம். இளைப்பாறிய தொழில்நுட்ப உத்தியோகத்தர்கள் எமது ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரும் வயதான மேசன் ஒருவரும் தச்சர் ஒருவரும் சேர்ந்து ஒரு பகல் நின்றால் ஒரு கிராமத்து வீட்டுக்குப் பெரும்பாலும் போதும். ஆனால் அந்த ஆட்களைத் தரகர் கூட்டிவரக் கூடாது. திருத்த வேலையைப் பிறகு எடுக்கப்போகிறவரும் பார்க்கக் கூடாது. அவர் இல்லாத நோயையும் சொல்லுவார். பார்த்ததை வாயால் சொன்னால் போதாது, எழுதித் தரவேண்டும். எது உடனே செய்ய வேண்டியது, எது இரண்டு வருடம் பொறுக்கும், எதற்கு எவ்வளவு முடியும் என்பது ஒரு பக்கத்தில் இருந்தால், அதை விற்பவர் முன்னால் வைத்து விலை பேசலாம். முற்பணம் கொடுப்பது அதற்குப் பிறகுதான். அவசரத்தில் முன்னரே கொடுக்க நேர்ந்தால், பரிசோதனையில் பெருங்குறை கண்டால் பணம் திரும்பும் என்ற நிபந்தனையை உடன்படிக்கையில் நொத்தாரிசைக் கொண்டு எழுதுவியுங்கள். குடும்பத்துப் பெண்களும் கூடப் போக வேண்டும். குசினிச் சுவரின் ஓதத்தை ஓர் ஆண் கண்டுபிடித்ததை நாம் இன்னும் காணவில்லை.

செலவைப் பற்றிக் கேட்பார்கள். 20 இலட்சம் ரூபாவுக்கு ஒரு வீடு வாங்கினால் முத்திரைத் தீர்வையே நூற்றுக்கு மூன்று, நாலு என்று முக்கால் இலட்சத்தைத் தாண்டும். நொத்தாரிசுக்கும் தரகருக்கும் தனி. அதையெல்லாம் முணுமுணுக்காமல் கொடுத்துவிட்டு, மூன்று பேரின் ஒரு நாட் கூலிக்கும் மோட்டார் சைக்கிள் எண்ணெய்க்கும் மட்டும் கணக்குப் பார்க்கிறோம்.

பார்ப்பதென்றால் வேண்டாமென்று விடுவதற்காக மட்டுமல்ல. சில வருடங்களுக்கு முன் வன்னியிலிருந்து திரும்பிய இன்னொரு குடும்பம் பார்த்த வீட்டை ஊரில் எல்லோரும் இழிவாகப் பேசினார்கள். பூச்சு முழுதும் வலைவெடிப்பு, விறாந்தை சரிந்திருந்தது, முகட்டில் அரசங்கன்று. எழுபது வயது மேசன் ஒருவர் அரை நாள் தட்டிப் பார்த்துவிட்டு, "விறாந்தையைக் கழட்டி எறியுங்கோ. மிச்சம் கோட்டை" என்றார். ஒரு தீராந்தி மாற்றி, விறாந்தையை இடித்து, பூச்சை உரித்துச் சுண்ணாம்பு பூசி, இன்று சந்தோஷமாக இருக்கிறார்கள். விலையும் மற்றவர்களின் இழிவுப் பேச்சினாலேயே குறைந்திருந்தது. நாமும் அப்படிப் பேசியவர்களில் அடக்கம் என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

வாங்கியபின் வழக்குப் போடலாமா என்று தென்மராட்சிக் குடும்பம் எம்மிடம் கேட்டது. மறைவான குறைக்கு விற்பவர் பொறுப்பு என்று உரோமன் டச்சுச் சட்டம் சொல்லத்தான் செய்கிறது. ஆனால் விற்பவர் கனடாவில்; அற்றோணி வைத்திருந்தவர் இப்போது கொழும்பில்; குறை விற்பவருக்குத் தெரியுமா தெரியாதா என்ற விவாதம்; தவணைக்குத் தவணை சாவகச்சேரி நீதிமன்றப் படி. வெங்காயத்துக்குத் தண்ணீர் கட்டும் நாட்களில் அவர் அங்கே நிற்க முடியாது. அவர் வழக்குப் போடவில்லை. பழி எமக்கும் உண்டு என்று அவர் ஒருபோதும் சொல்லவில்லை. அதுதான் எமக்குக் கூடுதலாகச் சுடுகிறது.

இந்த இடத்தில் எமது அபிவிருத்தி நிறுவனங்களைப் பற்றியும், திருச்சபையின் நிறுவனங்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். யுத்தத்துக்குப் பின் வந்த வீட்டுத் திட்டங்களில் கட்டங்கட்டமாகத்தான் பணம் கொடுபட்டது. இந்திய வீட்டுத் திட்டத்தின் 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாவும் அப்படியே வந்தது. அத்திவாரம் முடிந்ததா, சுவர் எழும்பியதா, கூரை மட்டம் வந்ததா என்று ஆள் வந்து பார்த்து, படமும் எடுத்துச் சென்ற பின்னரே அடுத்த தவணை. அது நல்ல முறை. ஆனால் அதே குடும்பம் தன் நகையை விற்றுத் தன் காசில் பழைய வீடு வாங்கப் போகும்போது ஒரு பொறியியலாளரும் அந்தப் படலையைத் திறப்பதில்லை. கொடையாளியின் காசுக்கு இத்தனை காவல். ஏழையின் காசுக்கு ஒன்றுமில்லை. வீடு வாங்குதல் தனியார் விடயம், அது எமது திட்டத்தில் இல்லை என்று ஒரு கூட்டத்தில் எமக்குப் பதில் சொல்லப்பட்டது. பதினோராவது இடத்திலிருந்தும் எழும்ப நேர்ந்த குடும்பத்துக்கு அந்தப் பதிலை எப்படிக் கொண்டுபோய்க் கொடுப்பது?

பெரிய திட்டம் ஒன்றும் வேண்டியதில்லை. ஒவ்வொரு பங்கிலும் இப்படியான மூன்று பேரைக் கண்டுபிடிக்கலாம். அவர்களுக்கு ஒரு நாட் கூலியைச் சங்கம் முன்கூட்டிக் கொடுத்து, வீடு வாங்குபவர் பின்னர் தவணையில் திருப்பலாம். மரண உதவிச் சங்கம் நடத்தத் தெரிந்த ஊருக்கு இது கடினமல்ல. எழுதும் பக்கத்துக்கு ஒரு மாதிரிப் படிவம் தயாரித்திருக்கிறோம். அதில் அயலவரிடம் கேட்ட கேள்விகளுக்கும் இடம் விட்டிருக்கிறோம். படிவத்தில் முதலாவது கேள்வியாகப் பதுங்கு குழியைப் போட்டது யாருடைய சொல்லால் என்பதை வாசகர்கள் விளங்கிக்கொள்வார்கள்.

தென்மராட்சிக் குடும்பம் வீட்டை விடவில்லை. வடக்கு அறையை முழுதாக இடித்து, குழியைத் தோண்டி வெறுமையாக்கி, கல்லும் கிரவலும் போட்டு இடித்து நிரப்பினார்கள். அந்த இடத்தில் இப்போதைக்கு அறையில்லை. கத்தரிக்காய்ப் பாத்தி போட்டிருக்கிறார்கள். மண்டபமும் மற்ற இரண்டு அறைகளும் பழைய சுண்ணாம்புச் சுவர். மேசன் பார்த்தார், அவை நல்லவை. பக்கத்து வளவு முதியவருக்குக் காலையில் தேநீர் அங்கிருந்துதான் போகிறது.

ஏணி இல்லாதவர்களுக்கு எமது நிலையத்தில் ஒன்று இருக்கிறது. மூங்கில் ஏணி, 18 அடி. முதல் நாள் சொல்லிவிட்டு இரண்டு பேராக வாருங்கள். ஒருவரால் தூக்க முடியாது. மாலைக்குள் திருப்பிக் கொண்டுவந்து தந்தால் போதும்.